கீழ் வீட்டு மீட்டர்

எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் ஜைதூன் பீ குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. மந்தைவெளியில் ஒரே வீட்டில் பதினோரு வருஷம் இருக்கும் குடித்தனக்காரரைப் பற்றி வீட்டுக்காரன் வாயைத் திறந்தால், ஒன்று வாடகை பற்றவில்லை என்பான், இல்லை மோட்டார் போட்ட தண்ணீரெல்லாம் கீழேயே தீர்ந்துபோகிறது என்பான். எனக்கு அப்படி ஒரு குறையும் சொல்ல வாய்த்ததில்லை. குறை என்னிடத்தில்தான். அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அவர் குடிவந்தபோது கணவர் அப்துல் சமத் இருந்தார். பாண்டி பஜாரில் ஒரு சூட்கேஸ் கடையில் விற்பனையாளர். சத்தமே இல்லாத மனிதர். கொரோனா இரண்டாவது அலையில் சத்தமே இல்லாமல் போய்விட்டார். மகன் ரெஹான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். கணவரை இழந்தவர்கள் இத்தா இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, அது முடிந்த மறுவாரம் ஜைதூன் பீ தன் பழைய தையல் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டினார். உஸ்மான் ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கி, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஓரம் அடிப்பது, ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது என்று வேலை பிடித்துக்கொண்டு வந்தார். தீபாவளி மாதத்தில் அவர் வீட்டு வாசலில் புடவை மூட்டை ஆள் உயரம் நிற்கும்.

கோபம் அவருக்கு மூக்கு நுனியில். தண்ணீர் லாரிக்காரர், பழைய பேப்பர்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் எல்லோரும் எங்கள் தெருவில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். கடைக்காரர் ஒருவர் நூல் நிறம் சரியில்லை என்று பதினைந்து புடவையைத் திருப்பி அனுப்பியபோது, அதே மூட்டையோடு ஆட்டோ ஏறிப் போய், கடை விளக்குக்கும் பகல் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று நடுத்தெருவில் புடவையை விரித்துக் காட்டிவிட்டு வந்தவர். மகனிடம் கோபம் இன்னும் அதிகம். அவன் படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் சாப்பாடு டெலிவரிக்குப் போனதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திட்டிக்கொண்டே அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பார்.

இனி என் கதை. பெயர் பஞ்சாட்சரம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் ஃபிசிக்ஸ் வாத்தியார். வோல்ட், ஆம்பியர், வாட், யூனிட் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதி அழித்தவன். போன வருஷம் மே மாதம் ஓய்வு பெற்றேன். ஜூன் மாதம், வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒரு மின்சாரக் கார் வாங்கினேன்.

காருக்கு வீட்டிலேயே சார்ஜ் போட வாசல் பக்கம் பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன; ஒன்று மேல் வீட்டுக்கு, ஒன்று கீழ் வீட்டுக்கு. அறிவு என்ற எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, "சார், எந்த மீட்டர்லேர்ந்து எடுக்கட்டும்?" என்று கேட்டார். நான் அந்தச் சமயம் தெருவைப் பார்த்து நின்றபடி போனில் என் சகலைக்கு, ஒருமுறை சார்ஜ் போட்டால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, "அதோ, அதுலேர்ந்துதாம்பா" என்று காட்டினேன். என் கை எதைக் காட்டியது என்று எனக்கே தெரியாது. அறிவு பாவம், காட்டிய இடத்தில் இணைப்பு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் பில் வந்தது. எனக்கு எப்போதும் வரும் ஆயிரத்துச் சொச்சம்தான் வந்திருந்தது. கார் வந்த பிறகும் ஒரு ரூபாய் கூடவில்லை! ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியாருக்கு அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டுமா இல்லையா? வரவில்லை. என் மனைவி ரத்னா அப்போது பாலவாக்கத்தில் மகள் சரண்யாவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். அவள் இல்லாததால் ஏ.சி. ஓடவில்லை, அதில் மிச்சமானது காருக்குச் சரியாகப் போய்விட்டது என்று நானே ஒரு விடை எழுதி நானே சரி போட்டுக்கொண்டேன். ஆதாயமான தப்புக் கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதோடு விட்டேனா? நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அங்கே எனக்குப் பேர் 'கரண்ட் சார்' என்றே ஆகிவிட்டது. "வெளியில சார்ஜ் போட்டா யூனிட்டுக்கு இருபது, இருபத்திரண்டு ரூபா, மேல வரி வேற. பெட்ரோல் போடறவன்கூடப் பரவாயில்ல. வீட்டுல போட்டுப் பாருங்க சார், ஒண்ணுமே தெரியாது!" என்பேன். எப்படி என்று கேட்பார்கள். "உபயோகிக்கத் தெரியணும்" என்று சிரிப்பேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அப்போது தெரியவில்லை, தேங்காய் யாருடையது என்று.

கார் வாங்கிய அதே மாதத்தில் ரெஹானும் ஒரு மின்சார ஸ்கூட்டர் எடுத்திருந்தான். டெலிவரி வேலைக்கென்று வார வாடகைக்கு விடுவார்கள், அந்த மாதிரி வண்டி. அதை அவன் தன் வீட்டு ஜன்னல் வழியாக வயர் இழுத்து சார்ஜ் போடுவான்.

ஆகஸ்டில் ஒரு காலை. நான் படியிறங்கும்போது ஜைதூன் பீ கையில் ரெஹானின் போனோடு காத்திருந்தார். பின்னால் ரெஹான்.

"சார், ஒரு நிமிசம். கரண்டு பில்லு நாலாயிரத்து இருநூறு வந்துகீது. எங்களுக்கு எப்பவும் நானூறு தாண்டாது. இன்னா சார் இது, பிசாசு எதுனா புகுந்துக்கிச்சா?"

"பிசாசெல்லாம் இல்லம்மா. ஸ்கூட்டர்தான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"இல்ல சார்" என்றான் ரெஹான். "அந்த வண்டி நாளைக்கு ரெண்டு யூனிட்டு இழுக்கும். மிஞ்சிப்போனா ரெண்டு மாசத்துக்கு நூத்தி இருவது. மூவாயிரத்தி எட்நூறு எப்டி சார் ஏறும்? கணக்கு இடிக்குதே?"

கணக்கை அவன் சரியாகத்தான் போட்டிருந்தான். நான் நின்று இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கும் இடித்திருக்கும். ஆனால் முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு, பையன் ஒருவன் எதிர்க்கேள்வி கேட்டால் முதலில் வருவது யோசனை அல்ல, எரிச்சல்.

"கம்பெனிக்காரன் சொல்றதையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்காதேப்பா. வாடகை வண்டி, பழைய பேட்டரி. எவ்வளவு வீணாப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா? அப்புறம் இன்னொண்ணு, ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிட்டா ஆரம்பத்துலேர்ந்தே வேற ரேட்டு. அதான் எகிறிடுச்சு. நான் முப்பத்தோரு வருஷம் இதைத்தான் நடத்தியிருக்கேன்."

ஜைதூன் பீ மகன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா? சாரே சொல்லிட்டாரு. இனிமே அந்தச் சனியனுக்கு இந்த வீட்டுல கரண்டு கிடையாது."

ரெஹான் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சரி என்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவன் வெளியில் சார்ஜ் போட ஆரம்பித்தான். தி.நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போடும் வசதி இருக்கிறது. ஒருநாள் மதியம் நான் அந்தப் பக்கம் போனபோது வண்டியைச் செருகிவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். டெலிவரி பை காலியாக மடியில் கிடந்தது.

"துட்டு கூடப் பரவால்ல சார். ரெண்டு மணி நேரம் வண்டி நிக்குது. இதான் சாப்பாட்டு டைமு. ஆர்டர் எல்லாம் வேற ஆளுக்குப் போய்க்கினே இருக்குது" என்றான்.

"வீட்டுல போடறதுக்கும் வெளியில போடறதுக்கும் அதாம்பா வித்தியாசம்" என்று நான் அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

வீட்டில் ஜைதூன் பீ தன் பங்குக்குச் சிக்கனம் தொடங்கியிருந்தார். ஃபிரிட்ஜை அணைத்து அதற்குள் நூல்கண்டு அடுக்கிவைத்தார். தையல் மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்க ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் கடகட சத்தம் மாடியில் எனக்குக் கேட்கும். ஒரு வாரத்திலேயே வலது முழங்கால் வீங்கிவிட்டது. அந்த மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். அது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது நான் சொன்னது இது: "மிதிங்கம்மா, நல்லதுதான். உடம்புக்குப் பயிற்சி."

செப்டம்பரில் பேத்தி பிறந்தாள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று பாலவாக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். தினமும் வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் செருகிவிடுவேன். அக்டோபர் முதல் வாரம் அடுத்த பில் வந்தது. எனக்கு ஆயிரத்துக்குள். கீழ் வீட்டுக்கு முன்னைவிட அதிகம், நாலாயிரத்து ஐந்நூறு.

கீழே நடந்த சண்டை தெரு முழுக்கக் கேட்டது.

"நான் அசந்த நேரமா பாத்து திருட்டுத்தனமா சார்ஜ் போடுறியா? பெத்தவ கால் வீங்கி மிதிச்சுக்கினு இருக்கறா, ஒனக்கு மனசாட்சியே இல்லியா?"

"அம்மீ, அல்லா மேல சத்தியமா நான் போடல. என்னை நம்பலியா?"

"நம்பறதுக்கு இன்னாடா கீது? பில்லு கீதே கையில!"

சற்று நேரத்தில் ரெஹான் மாடிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. உள்ளே வா என்றேன், வரவில்லை.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார். என்மோ தப்பா கீது. ஒரு தபா வந்து மீட்டரைப் பாருங்க. நீங்க சொன்னா அம்மீ கேப்பாங்க."

அன்று குழந்தைக்குப் பேர் வைக்கிற நாள். எனக்கு நேரமாகிவிட்டது. "நாளைக்குப் பார்க்கறேம்பா" என்றேன். அவன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். மறுநாள் காலை ஸ்கூட்டரைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டையில் நண்பர்கள் அறைக்குப் போய்விட்டான். போகும்போது அம்மாவிடம், "உனுக்கு என்னைவிட அவுங்க வார்த்தை பெர்சா போச்சுல்ல" என்றானாம். ஜைதூன் பீயே இதை என்னிடம் சொன்னார், ஏதோ எனக்குச் சேர வேண்டிய பெருமையைச் சொல்வதுபோல.

அடுத்த வாரம் அவர் தங்கை மகள் ஆஃப்ரீனின் கல்யாணத்துக்காக வாணியம்பாடி போனார். ரெஹான் வரவில்லை, தனியாகத்தான் போனார். திரும்ப மூன்று நாள் ஆகும் என்று சாவியை என்னிடம் கொடுத்தார்.

அன்று மாலை நான் காரைச் செருகினேன். சார்ஜரில் விளக்கு எரியவில்லை. பிளக்கை ஆட்டிப் பார்த்தேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே எல்லாம் எரிந்தது. மாடிப்படிக்கு அடியில் பெட்டியைத் திறந்தேன். என் மெயின் சுவிட்ச் மேலே இருந்தது. பக்கத்தில் கீழ் வீட்டு மெயின் கீழே இறங்கியிருந்தது; ஊருக்குப் போகும் மூன்று நாளில் அரை யூனிட்கூட வீணாகக் கூடாது என்று ஜைதூன் பீ அணைத்துவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புரிந்ததை ஒப்புக்கொள்ளச் சில நொடிகள் ஆயின. கீழ் வீட்டு மெயினை மேலே தள்ளினேன். சார்ஜரில் பச்சை விளக்கு வந்தது.

நாலு மாதக் கணக்கும் ஒரே நொடியில் நேரானது. என் பில் ஏறாதது, அவர் பில் ஏறியது, ரெஹானின் நூற்றி இருபது யூனிட், எல்லாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் நான் நிறுத்தியிருந்த காரில் இருந்தது, பழியைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை ராயப்பேட்டையில் இருந்தான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? பிளக்கைப் பிடுங்கியிருப்பான். போனை எடுத்து வாணியம்பாடிக்குப் பேசியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் குழந்தைக்குத் தடுப்பூசி. காலையில் பாலவாக்கம் போக வேண்டும், வண்டியில் சார்ஜ் இல்லை. அதனால் பெட்டியை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். தெரியாமல் எடுத்தது அதுவரை. அன்று எடுத்தது தெரிந்தே. காலையில் கிளம்பும்போது கீழ் வீட்டு மெயினை, அவர் விட்டுச்சென்றபடியே, கீழே இறக்கிவைத்தேன். திருடன்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டான்.

அவர் திரும்புவதற்குள் இணைப்பை மாற்றிவிட வேண்டும். அறிவைக் கூப்பிட்டால் மந்தைவெளி முழுக்கத் தெரிந்துவிடும். சைதாப்பேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆளை வரவழைத்து வயரை என் மீட்டருக்கு மாற்றினேன். "அடடா, இத்தினி நாளு கீழ்வூட்டுல ஓடிக்கினு இருந்துச்சா சார்?" என்று அவர் கேட்டார். கேட்ட கூலிக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை படியிறங்கினேன். பூங்கா ஞாபகம் வரும், கரண்ட் சார் என்ற பேர் ஞாபகம் வரும். 'அம்மா, மன்னிச்சுக்கோங்க' என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியம் என்ன என்று தெரியாமல் திரும்பிவிடுவேன். பிறகு ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்: இனிமேல் அவருக்குச் சரியான பில் வரும், கோபம் தணியும், மகன் வருவான், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவனுக்குச் சோறு எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் தோன்றாது.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. எனக்கு வந்த பில் இந்தத் தடவை நாலாயிரத்தைத் தாண்டியது. ஒரு வார்த்தை பேசாமல் கட்டினேன். பூங்காவுக்குப் போவதை நிறுத்தினேன். முழங்கால் வலி என்று காரணம் சொன்னேன். யாருடைய வலியைக் கடன் வாங்கிச் சொல்கிறேன் என்று சொல்லும்போதே உறைத்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஜைதூன் பீ ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மாடிக்கு ஏறி வந்தார். கையில் ஒரு கிண்ணம். நாங்கள் சைவம் என்பதால் எப்போதும் இனிப்புதான் கொண்டுவருவார். அன்று ரவையும் பாலும் நெய்யும் போட்டுச் செய்த தம்ரூட். ரத்னா அப்போது பாலவாக்கத்திலிருந்து திரும்பியிருந்தாள். கிண்ணத்தை அவள் வாங்கிக்கொண்டாள்.

"பில்லு முந்நூத்தி எண்பது சார்!" என்றார் ஜைதூன் பீ. "நீங்க அன்னிக்குச் சொன்னது கரீட்டா போச்சு. அவன் போனான், கரண்டு கொறஞ்சிடிச்சு. அப்ப அவந்தான திருட்டுத்தனமா போட்டுக்கினு இருந்தான்?"

நான் சத்தமில்லாமல் செய்துவைத்த திருத்தம் அந்தப் பிள்ளைக்கு எதிரான கடைசிச் சாட்சியாகிவிட்டிருந்தது. வயரை மாற்றாமலே விட்டிருந்தால்கூட, பில் ஏறிக்கொண்டே போய், அவன் இல்லாதபோதும் ஏறுகிறதே என்று அவருக்கு என்றாவது சந்தேகம் வந்திருக்கும். அந்த வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

"ரெண்டு மாசமா எம் போனை எடுக்க மாட்டேங்கறான் சார்" என்று அவர் தொடர்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "நீங்க பண்ணா எடுப்பான். நீங்க பெரியவரு, எடுத்துச் சொல்லுங்க. தப்பை ஒத்துக்கினா போதும், அம்மீ ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை ஒத்துக்கினு வூட்டுக்கு வந்துடச் சொல்லுங்க சார். நான் பொய் சொல்ற புள்ளையா வளர்க்கல, அதான் தாங்கல எனக்கு."

அவரே நம்பரைச் சொன்னார். நான் அழுத்தினேன். "ஸ்பீக்கர்ல போடுங்க சார், அவங் கொரலையாச்சும் கேக்கறேன்" என்றார். போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க சார்."

"ரெஹான்..." என்றேன். எதிரே அவர், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரத்னா கிண்ணத்தோடு.

"இன்னா சார்? அம்மீக்கு எதுனா ஆயிடுச்சா?"

"இல்லப்பா. அம்மா நல்லா இருக்காங்க. நீ சார்ஜ் போடல. நீ சொன்ன கணக்கு சரி. என் காரோட வயர் உங்க மீட்டர்ல இருந்தது. நாலு மாசம் என் கார்தான் குடிச்சிருக்கு. எனக்கு அக்டோபர்லயே தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு சிக்னலில் நிற்கிறான் போலிருந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டுக்கிறீங்களா சார்? அம்மீ கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா."

"சரி சார்" என்றான். வைத்துவிட்டான்.

ஜைதூன் பீ என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, யாரிடமும் இல்லாமல், "சத்தியம் பண்ணானே... அல்லா மேல பண்ணானே..." என்றார். பிறகு கதவு மூடும் சத்தம். தெருவில் யாரிடம் எவ்வளவு கத்தியிருக்கிறார், எனக்குத் தெரியும். அன்று கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ரத்னா கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். "அக்டோபர்லயேவா?" என்று மட்டும் கேட்டாள்.

ரெஹான் இரண்டு நாள் கழித்து வந்தான். நான் மேலிருந்து பார்த்தேன். வாசலில் அவர் அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவன்தான் அவரை உள்ளே கூட்டிப் போனான். அன்று மாலை நான் கீழே போய், இரண்டு பில்லிலும் அவர்கள் கூடுதலாகக் கட்டியதை ஒரு கவரில் வைத்து ரெஹானிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். எண்ணிப் பார்க்கவில்லை, உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. அவன் வெளியில் சார்ஜ் போட்ட காசு, நின்றுபோன மதியங்கள், அந்த அம்மாவின் முழங்கால், இதற்கெல்லாம் என்ன தருவது என்று எனக்குத் தெரியவில்லை. "ஆறு மாசத்துக்கு வாடகை வேணாம்மா" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். பதில் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கொஞ்சம் நிம்மதியாகக்கூடத் தூங்கினேன்.

ஒன்றாம் தேதி காலையில் காலிங் பெல் அடித்தது. ஜைதூன் பீ. கையில் வாடகை, எப்போதும் போல ரப்பர் பேண்ட் போட்டு.

"வேணாம்னு சொன்னேனேம்மா" என்றேன்.

"வாங்கிக்கோங்க சார்."

"இல்லம்மா, நான் பண்ணதுக்கு..."

"சார்" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சை நடுவில் நிறுத்தினார். ஆனால் குரல் உயரவில்லை. "எனக்கு உங்க மேல அவ்ளோ கோவம் கீது. வேற யாராயிருந்தாலும் இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பேன். உங்களாண்ட கத்த முடியாது. கத்தினா வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லுவீங்களோன்னு பயம். இந்த வூடு கிடைக்கறத்துக்கு முன்னாடி பதினாலு வூடு பாத்தோம் சார், நானும் அவுங்களும். பேரைக் கேட்டுட்டுக் கதவைச் சாத்துனாங்க. வாடகை பாக்கி வச்சுக்கினு ஒங்க மேல கோவமா இருக்க என்னால முடியாது. வாங்கிக்கோங்க."

அவர்களுக்கு வீடு கொடுத்தவன் என்று பூங்காவில் நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டதுண்டு. அப்போதெல்லாம் அவர் கீழே இந்தப் பயத்தோடுதான் இருந்திருக்கிறார். நான் கையை நீட்டினேன். அவர் பணத்தை வைத்துவிட்டு, இனிமேல் கோபப்படலாம் என்பதுபோல, என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.